ஒழுகும் குழாயைக் காட்சிக்கு வைப்பது எப்படி?

'நீரைச் சேமிப்போம்' சுவரொட்டியை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அதில் என்ன படம் என்று கேட்டால், ஒரு துளியும் அதை ஏந்தும் இரண்டு கைகளும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்தக் கைகள் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டன. அதனால் இங்கே சுவரொட்டி வரையப் போவதில்லை. வீணாகும் தண்ணீரையே எடுத்து நாலு பேர் கண்ணில் படும்படி வைக்கப் போகிறோம். வரையத் தெரியாதவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

யோசனை என்னுடையதல்ல. 2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர், மினிக் ரோசிங் என்ற புவியியலாளரோடு சேர்ந்து, கிரீன்லாந்திலிருந்து 12 பெரிய பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து சதுக்கத்தில் கடிகாரம் போல வட்டமாக வைத்தார். அவை பாட்டுக்கு உருகின. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். நமக்குக் கிரீன்லாந்து வேண்டாம், சொட்டும் குழாய் ஒன்று போதும்.

1. குழாயைத் தேடுங்கள்

பள்ளி, அலுவலகம், குடியிருப்பு என்று பலரும் நடமாடும் இடமாக இருக்கட்டும். பொறுப்பில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நாளைக்கே சரிசெய்துவிடுகிறேன்" என்று அவர் பதறினால் வருத்தப்படாதீர்கள், வந்த வேலை சுலபமாக முடிந்தது.

2. அளந்து பாருங்கள்

மொத்த வேலைக்கும் இதுதான் அஸ்திவாரம். மில்லி குறியிட்ட டம்ளரைக் குழாயடியில் சரியாகப் 10 நிமிடம் வையுங்கள். கிடைத்த அளவை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 60 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 8,640 மில்லி, அதாவது எட்டரை லிட்டருக்குச் சற்று மேல். வருடத்துக்கு 3,150 லிட்டரைத் தாண்டும்.

குழாயில் வரும் அழுத்தம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் காலையும் இரவும் அளந்து சராசரி எடுங்கள். 'ஒரு சொட்டு இத்தனை மில்லி' என்று எங்காவது கிடைக்கும் கணக்கைப் போடாதீர்கள். சொட்டின் அளவு குழாய்க்குக் குழாய் வேறு. யாராவது "நிஜமாகவா?" என்று கேட்டால் டம்ளரை நீட்டிக் காட்ட முடிய வேண்டும்.

3. பிடித்து நிரப்புங்கள்

குழாயடியில் வாளி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பழைய ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றுங்கள். கணக்கும் வாளியும் கொஞ்சம் முரண்படும், வாளியை நம்புங்கள். கழுத்தில் மார்க்கரால் தேதி மட்டும் போதும். மூடியை இறுக்கமாகப் போடுங்கள், இல்லையென்றால் கொசு வளர்க்க ஆரம்பித்துவிடுவோம். வெயில் படாத இடம் அவசியம். பாசி பிடிக்கும் என்பது ஒன்று, தண்ணீர் நிறைந்த பாட்டில் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பொசுக்கவும் கூடும். நீலச் சாயம் கலக்கும் ஆசை வரும். வேண்டாம், பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைத்துவிடுவார்கள்.

முதல் தடவை நான் பாட்டில்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது உறைக்கவில்லை. நாலாம் நாள் இரவு கயிறு அறுந்தது. தண்ணீர்ச் சிக்கனக் கண்காட்சி நடந்த வராந்தாவைக் கழுவிவிட இரண்டு வாளித் தண்ணீர் செலவானது! அதனால் தரையிலேயே வையுங்கள்.

4. வரிசை வளரட்டும்

ஒரு வாரத்துக்குச் சுமார் 60 பாட்டில் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால் பலன் பாதிதான். குழாயிலிருந்து வாசலை நோக்கி, சுவரோரமாக, அன்றன்றைய பாட்டிலை அன்றன்றைக்கு வையுங்கள். முதல் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் கேட்பார், இன்னொருவர் எண்ணிப் பார்ப்பார். அவசர வழியை மட்டும் மறிக்காதீர்கள்.

கூடவே, இப்படியே ஒரு மாதம் ஒழுகினால் வரிசை எதுவரை போகும் என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். பாட்டில் 8 செ.மீ. அகலம் என்றால் 20 மீட்டருக்கு மேல் போகும். 2007-இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயார்க்கில் மைதானக் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டே, கடல்மட்டத்திலிருந்து 10 அடி உயரம் எங்கெங்கே வருகிறது என்று தெருவில் கோடிட்டுப் போனார். வெள்ளம் ஏறக்கூடிய எல்லை அது. என்ன கோடு என்று கேட்டவர்களோடு நின்று பேசினார். என்னைக் கேட்டால் பாதிக் கலை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நீங்களும் ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் கோடு போடுங்கள்.

5. பலகை எழுதுவதானால்

அறிவுரை வேண்டாம், எண்ணை மட்டும் பெரிதாக எழுதுங்கள். அக்ரிலிக் வண்ணம் என்றால் பிரஷை முதலில் பழந்துணியில் துடைத்துவிட்டு அப்புறம் கிண்ணத்தில் அலசுங்கள். அக்ரிலிக் வண்ணம் ஒரு பிளாஸ்டிக், அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கிண்ணத்தை அப்படியே விட்டால் வண்டல் பெருமளவு அடியில் தங்கும். மேல் தண்ணீரை மறுபடி அலச வைத்துக்கொண்டு, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடலாம்.

6. வாஷரை மாற்றுங்கள்

ஏழாம் நாள், எல்லோரும் பார்க்க. பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் காரணமாக இருக்கும். சேர்ந்த தண்ணீரைச் செடிக்கோ தரை துடைக்கவோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே வரிசையைக் கலைக்காதீர்கள். மறுநாள் காலை, தேதி எழுதிய ஒரே ஒரு காலி பாட்டிலைக் கடைசியில் வையுங்கள்.