சிறிய மலை ஓட்டப் பந்தயம் நடத்துவது எப்படி? முதன்முறை அமைப்பாளர்களுக்கான வழிமுறை

மலை ஓட்டப் பந்தயம் ஒன்றை முதன்முறையாக நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் பரிசு, பதக்கம், விளம்பரம் ஆகியவற்றிலிருந்தே திட்டமிடத் தொடங்குகிறார்கள். ஆனால், மலையேறிய ஒவ்வொருவரும் பத்திரமாக இறங்கிவிட்டார் என்பதை எப்படி உறுதிப்படுத்துவது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதையும் நேரமும் ஆட்களும் அந்தக் கேள்விக்கு ஏற்பவே அமைய வேண்டும்.

படி 1: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பந்தயத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட பாதை போதும். தூரத்துடன் மொத்த ஏற்றத்தையும் சேர்த்தே அறிவியுங்கள். பிரிட்டனில் மிகச் செங்குத்தான ‘ஏ’ வகைப் பந்தயத்துக்குக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டர் ஏற்றமாவது இருக்க வேண்டும். 8 கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏறும் பாதை அந்த அளவை எட்டிவிடுகிறது.

தொடக்கத்தில் சில நூறு மீட்டர் அகலமான தடமாக இருந்தால், ஒற்றையடிப் பாதைக்குள் நுழையும் முன்பே கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். ஏறிய வழியிலேயே இறங்கும் பாதையைக் கண்காணிப்பது எளிதுதான். எனினும், முழு வேகத்தில் இறங்குபவர்கள் குனிந்தபடி ஏறிக்கொண்டிருப்பவர்கள்மீது மோதும் அபாயம் இருப்பதால், சுற்றுப் பாதையையே நான் பரிந்துரைப்பேன். முடிவுக் கோட்டைச் செங்குத்தான சரிவின் அடியில் வைக்காதீர்கள்.

படி 2: அனுமதி

நில உரிமையாளர், வனப் பகுதியெனில் அதன் பொறுப்பாளர்கள், உள்ளாட்சி நிர்வாகம் ஆகியோரிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பறவைகள் கூடு கட்டும் காலத்தையும், மண் ஊறிப்போய் எளிதில் அரிக்கப்படும் காலத்தையும் தவிர்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

படி 3: நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த விதி இங்கே உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்பதே அதன் சாரம். மேற்சொன்ன 8 கிலோமீட்டர் பாதைக்கு இது 2 மணி 16 நிமிடம் ஆகிறது. இது ஓய்வெடுக்காமல் நடப்பவருக்கான நேரம் என்பதால், உச்சியில் நிற்கும் தன்னார்வலர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதையும், எந்த நேரத்துக்குப் பிறகு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் இதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

படி 4: பாதை அடையாளங்கள்

பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடையாளம் வைப்பதோடு நிறுத்தாமல், அந்த இடத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இன்னொன்றையும் வையுங்கள். தான் சரியான வழியில்தான் செல்கிறோம் என்ற உறுதியை ஓடுபவருக்கு அதுவே தரும். பந்தயத்தன்று காலையில் பாதையை அறியாத ஒருவரை அனுப்பிச் சரிபார்க்கச் செய்வது மிகவும் நல்லது.

படி 5: ஆள் கணக்கு

பெயர் பதிந்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவதில்லை. ஆகவே, பதிவுப் பட்டியலை நம்பாமல், தொடக்கக் கோட்டுக்குச் செல்பவர்களைக் குறுகலான ஒரு வழியாக ஒவ்வொருவராக அனுப்பி, அவர்களது மார்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு இடங்களில் நிற்பவர்கள் வெறும் எண்ணிக்கையை மட்டும் குறித்தால், ஒருவர் குறைகிறார் என்பது தெரியுமே தவிர, அவர் யார் என்பது தெரியாது. மார்பு எண்ணையே எழுதினால்தான், கடைசியாகப் பதிவான இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தேடலைத் தொடங்க முடியும்.

பாதியில் விலகுபவர் நேராக வீட்டுக்குச் சென்றுவிட்டால், அவரைத் தேடி மற்றவர்கள் மலையேற நேரிடும். எனவே, விலகுபவர் முடிவுக் கோட்டுக்கு வந்து தம் எண்ணை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் உரக்கவும் திரும்பத் திரும்பவும் சொல்லுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு தன்னார்வலர்கள் முதலுதவிப் பொருள்களுடன் நடந்து வரட்டும். ஒவ்வோர் ஓட்டக்காரரிடமும் விசில் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவதே மலைகளில் உதவி கோரும் முறை.

படி 6: வானிலை

1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்த்த உடலில் காற்றும் மழையும் படும்போது குளிர் இன்னும் கடுமையாகத் தாக்கும். ஆகவே, காற்றுத் தடுப்பு மேலாடையைக் கட்டாயமாக்கத் தயங்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால், இடி ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது பந்தயத்தைத் தொடங்கவே கூடாது. கடைசி இடிமுழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். உச்சியைத் தவிர்த்துத் தாழ்வான மாற்றுப் பாதையொன்றை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால், மேகமூட்டமோ பலத்த காற்றோ உச்சியைச் சூழ்ந்த நாளிலும் பந்தயத்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை.

படி 7: முடித்தல்

முடிவுக் கோட்டில் இரண்டு நிறுத்துகடிகாரங்கள் ஓடட்டும். ஒருவர் நேரத்தைச் சொல்ல, மற்றவர் எண்ணை எழுதட்டும். ஓடி முடித்தவர்களும் விலகியவர்களும் சேர்ந்து தொடங்கியவர்களின் எண்ணிக்கைக்குச் சமமான பிறகே கண்காணிப்பு இடங்களில் இருப்பவர்களை இறங்கச் சொல்லுங்கள். வழியடையாளங்கள் அனைத்தையும் அன்றைக்கே கழற்றிவிட்டு, பாதை பழைய நிலையில் இருக்கிறது என்பதை நில உரிமையாளருக்குத் தெரிவித்துவிடுங்கள்.