ஜிஎன்எம் முடித்த ஆர்என்: அமெரிக்காவில் வேலையை விடாமல் ஆன்லைனில் பிஎஸ்என் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து, என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு தேறி, அமெரிக்காவில் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்ப்பவர்களுக்கான பதிவு இது. உரிமம் வாங்குவது, விசா எல்லாம் இங்கே வராது. அதைத் தாண்டித்தானே வந்திருக்கிறீர்கள்.

பிஎஸ்என், அதாவது நர்சிங் இளநிலைப் பட்டம், எதற்கு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நர்சிங் தரத்துக்காகத் தரப்படும் மேக்னெட் அங்கீகாரம் உள்ள மருத்துவமனையில் நர்ஸ் மேனேஜர் ஆக நர்சிங் பட்டம் வேண்டும். நியூயார்க்கில் 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் ஆர்என்கள் 10 வருடத்துக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகும் ஆசை இருந்தால் பெரும்பாலும் இதுதான் முதல் வாசல்.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட், அப்புறம்தான் கல்லூரி

எல்லோரும் கல்லூரி தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். ஆன்லைன் படிப்பு சிரமமே இல்லை. ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது என்னென்ன பாடம் படித்தோம் என்று பள்ளி தரும் காகிதம், வந்து சேர்வதுதான் சிரமம். அதனால் அதை இன்றே ஆரம்பியுங்கள்.

"உரிமம் வாங்கும்போதே சான்றிதழ் மதிப்பீடு செய்துவிட்டோமே" என்பீர்கள். அது நர்சிங் போர்டுக்குப் போன அறிக்கை. கல்லூரி கேட்பது பாடவாரியான மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று அதில் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்பதைக் கல்லூரியிடமே கேளுங்கள். பலரும் மதிப்பீட்டு நிறுவனங்களின் சங்கமான நேசெஸ் அமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனம் எதுவானாலும் சரி என்பார்கள். நர்ஸ்களின் சான்றிதழை மதிப்பிடும், சிஜிஎஃப்என்எஸ் என்று நாம் அறிந்த நிறுவனம் 2025 முதல் ட்ரூமெரிட் என்ற பெயரில் இயங்குகிறது. பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டு முழித்தது, எந்தப் பாடத்துக்கு எத்தனை மணிநேரம் என்ற கணக்கில்தான். நம் மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண் இருக்கும், மணிநேரம் இருக்காது. மதிப்பீட்டாளருக்கோ ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். நான் படித்த நர்சிங் பள்ளிக்குத் தம்பியை அனுப்பினேன். ஆபீஸில் இருந்தவர், "மார்க் ஷீட்தான் கொடுத்துட்டோமே தம்பி, இது என்ன புதுசா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை தம்பி வெறுங்கையோடு போகவில்லை. பாடத்தின் பெயர், தியரி மணி, கிளினிக்கல் மணி, மதிப்பெண் என்று நான்கு கட்டம் போட்ட வெற்றுப் படிவத்தை நானே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்ததும் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்பதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, நிரப்பத் தயாராக ஒரு காகிதத்தை நீட்டுவது மேல்.

பள்ளி அந்தக் காகிதங்களை வைத்து ஒட்டித் தரும் கவரையும் கவனியுங்கள். ஒட்டிய மடிப்பின் மேல் பாதி மடிப்பிலும் பாதி கவரிலும் விழுகிற மாதிரி பள்ளி முத்திரை இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். வீட்டில் யாரும் ஆர்வத்தில் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால் அந்தக் கவர் செல்லாது.

அடுத்தது நம் இனிஷியல். சான்றிதழில் "கே. செல்வி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டிலும் உரிமத்திலும் அப்பா பெயர் கடைசிப் பெயராகி "செல்வி கந்தசாமி" ஆகியிருக்கும். கல்யாணமாகிப் பெயர் மாற்றியவர்களுக்கு மூன்றாவதாக இன்னொரு பெயர். இத்தனை பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஓர் அஃபிடவிட் எடுத்து, விண்ணப்பத்தோடு முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கல்லூரிக்கு இரண்டு கேள்வி

சிசிஎன்இ, ஏசிஇஎன் போன்ற நர்சிங் கல்வி அமைப்புகளின் அங்கீகாரம் இல்லாத கல்லூரி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மேற்படிப்புக்குப் போகும்போது உதைக்கும்.

அங்கீகாரம் இருந்தால் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் இரண்டே கேள்வி. ஒன்று: வெளிநாட்டு நர்சிங் டிப்ளமோவும் இந்த மாநில ஆர்என் உரிமமும் உள்ளவரைச் சேர்ப்பீர்களா? சில இடங்களில் அமெரிக்காவில் படித்த டிப்ளமோ அல்லது அசோசியேட் பட்டம் மட்டும்தான் செல்லும். இரண்டு: நான் வசிக்கும் மாநிலத்தில் பிராக்டிகம் (நேரடிப் பயிற்சி) நடத்த உங்களுக்கு அனுமதி உண்டா? ஆன்லைன் என்பதால் எந்த மாநிலத்திலும் படிக்கலாம் என்று எண்ண வேண்டாம். போனில் சொல்வதை நம்பாதீர்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் உங்கள் சாமர்த்தியம். வேகமாகப் படிப்பவர்களுக்கு லாபம். யாராவது தேதி வைத்து விரட்டினால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு அது சரிப்படாது. நான் இரண்டாம் ரகம். அதனால் வாராவாரம் கெடு வைக்கும் கல்லூரிதான் எனக்குப் பிடிக்கும்.

பொதுப் பாடங்கள்

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். நர்சிங் பாடங்களில் பெரிய தொல்லை இல்லை, இழுப்பது பொதுப் பாடங்கள்தான். டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் சட்டப்படியே கட்டாயம். இங்கே வந்து அலாமோ போரைப் படிப்போம் என்று யார் நினைத்தோம்!

குறுக்கு வழி க்ளெப் தேர்வு, அதாவது வகுப்புக்குப் போகாமலே தேர்வெழுதிக் கிரெடிட் வாங்குவது. ஒரு தேர்வு தேறினால் அந்தப் பாடமே முடிந்தது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பாடம் படித்து முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறார்கள். ஆனால் டெக்சஸ் அரசியல் சாசனத்துக்கு க்ளெப் கிடையாது. அதைப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் எடுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கும் க்ளெப் இல்லை, அதே மாதிரியான டிஎஸ்எஸ்டி தேர்வு இருக்கிறது. உங்கள் கல்லூரி ஏற்குமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பணம்

மருத்துவமனை தரும் படிப்புச் செலவில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. பல இடங்களில் முதலில் நாம் கட்டி, கிரேடு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். இத்தனை காலம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரலாம். கையெழுத்துக்கு முன் படியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை நிரப்பி மத்திய அரசின் உதவி கேட்கலாம். எச்1பி விசாவில் இருந்தால் முடியாது.

படிக்கும்போது

மேற்கோள் பட்டியலுக்கு ஸோட்டெரோ என்ற மென்பொருள் போதும், இலவசம். வேர்டில் உள்ளதை நம்பி ஏபிஏ என்ற மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்புக்கு மல்லுக்கட்டாதீர்கள். ஆய்வுக் கட்டுரை தேட சினால், பப்மெட் என்ற தரவுத்தளங்கள். கூகுளில் முதலில் வருவதை வைத்து எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு ஒன்று: இரவு 11:59 கெடு என்றால் அது கல்லூரி இருக்கும் ஊரின் நேரமா, உங்கள் நேரமா என்று பாருங்கள். மாலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் ஏறினால் அந்தக் கெடு தாண்டும்வரை லேப்டாப்பைத் தொட முடியாது. ஷிஃப்ட் உள்ள நாளில் முந்தின நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிராக்டிகம்

கம்யூனிட்டி ஹெல்த் பாடத்தில் நேரடிப் பயிற்சி கேட்கும் கல்லூரிகள் உண்டு. வழிகாட்டும் ப்ரிசெப்டரை நாமே தேடச் சொல்வார்கள். அவர் குறைந்தது பிஎஸ்என் முடித்தவராக இருக்க வேண்டும் என்பார்கள். நம் வார்டிலேயே சம்பள நேரத்தில் செய்வது பெரும்பாலும் செல்லாது. கவுண்டி சுகாதாரத் துறை, பள்ளி நர்ஸ், இலவச கிளினிக் என்று கதவு தட்டுங்கள். கல்லூரிக்கும் அந்த இடத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகவே வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் முந்தைய பருவத்திலேயே தொடங்குங்கள்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: படித்த நர்சிங் பள்ளியே மூடிவிட்டால்? சாந்தோமில் உள்ள தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலுக்கு எழுதி, உங்கள் பள்ளியின் பதிவேடுகள் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். மிஷன் மருத்துவமனைப் பள்ளி என்றால் தேர்வு நடத்திய வாரியத்திடமும் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டு நிறுவனத்துக்கும் நிலைமையை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

இன்னொருவர் எல்லாப் பாடமும் முடித்தும் பட்டம் வரவில்லை என்று எழுதியிருந்தார். பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டு. கடைசிப் பருவம் தொடங்கும்போதே மாணவர் தளத்தில் அதை நிரப்பிவிடுங்கள்.