தூர நாட்டு வியாபாரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையில் விளையும் அராபிகா காப்பிக்கு விலை வைப்பது நியூயார்க் சந்தை. 2021 ஜூலையில் பிரேசில் தோட்டங்களில் உறைபனி விழுந்ததும் அங்கே விலை எகிறியது, அந்தச் சூடு ஏற்காடு வரைக்கும் வந்தது. இப்படிப்பட்ட பொருளை வைத்துக்கொண்டு இரு நாட்டு வணிகத்தைக் கணக்குப் போடும்போது நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதல் சறுக்கல், தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது. இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் வணிகம் கூடும், தூரம் கூடினால் குறையும் என்று 1962இல் நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் யான் டின்பெர்கன் ஒரு சூத்திரம் சொன்னார். தூரம் இரண்டு மடங்கானால் வணிகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றின் பொதுவான முடிவு. கல்லூரிப் பாடத்தில் இதைப் படித்தவர்கள் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் தூரம் என்பது செலவு, நாள், நம்பிக்கை எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நிற்கிற ஒரு எண். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சூயஸ் வழியே போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணத்தில் 10 நாளுக்கு மேல் கூடியது. நம்ம காப்பியை வாங்கும் இத்தாலி இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் வியாபாரிக்குத் தள்ளிப் போய்விட்டது.

அந்தச் செலவு எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு இருபதடி கன்டெய்னரில் 60 கிலோ மூட்டையாக 320 மூட்டை, அதாவது 19 டன் சொச்சம் காப்பி ஏற்றலாம். கப்பல் வாடகை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குப் பத்தரை ரூபாய் விழும். வாடகை 5 லட்சமானால் 26 ரூபாய். கிலோ 400 ரூபாய்க்குப் போகும் காப்பி இதைத் தாங்கிக்கொள்ளும். அதே கன்டெய்னரில் கிலோ 50 ரூபாய் ஜவ்வரிசியை ஏற்றிப் பாருங்கள், சரக்கு விலையில் பாதி வாடகைக்கே போய்விடும். நம்ம சேலத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைக்காரர் வெளிநாட்டு ஆர்டர் பேசும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். சேலத்துக்குக் கடலும் இல்லை. தூத்துக்குடி, சென்னை, கொச்சி எதுவானாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை தனி.

அடுத்தது, பெரிய நாடு என்றால் பெரிய சந்தை என்று நினைப்பது. பிரேசில் பெரிய நாடுதான். ஆனால் உலகிலேயே அதிகமாகக் காப்பி விளைவிக்கும் ஊரில் போய் ஏற்காட்டுக் கொட்டையை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளியும் அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அதே சமயம் நம்மூர் மளிகைக் கடையில் விற்கும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வருகிறது. ஒருவரிடம் மிஞ்சுவது இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும். அது பொருந்தினால் தூரமெல்லாம் அப்புறம்தான்.

வரியை மட்டும் பார்ப்பதும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வறுக்காத காப்பிக்கொட்டைக்குச் சுங்க வரியே இல்லை. வறுத்து அனுப்பினால் பொது வரிப்பட்டியலில் 7.5 சதவீதம், சலுகை பெற்ற நாடுகளுக்குக் குறையலாம். கொட்டை அவர்களுக்கு வேண்டும், வறுக்கிற வேலை நம்மிடம் போகக் கூடாது! சரி, வரி இல்லையே என்று பச்சைக் கொட்டையை அனுப்பினால், பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சத்துக்கெல்லாம் அளவு வைத்திருக்கிறார்கள். 2023இல் போட்ட காடழிப்புத் தடைச் சட்டம் தோட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு கேட்கிறது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும் கேள்வி போகவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வரியைவிட இதுதான் பாரம்.

ரூபாய் சரிந்தால் ஏற்றுமதிக்கு யோகம் என்பது பாதிதான் உண்மை. பில் டாலரில் போடுவதால் கையில் கூட வருவது நிஜம். ஆனால் பிரேசில் நாணயம் அதைவிட அதிகமாகச் சரிந்தால் அவர்கள் நம்மைவிட மலிவாகக் கொடுப்பார்கள். உரம், டீசல் விலையிலும் டாலர் ஒளிந்திருக்கிறது.

ஒரே ஒரு நாட்டோடு வணிகப் பற்றாக்குறை இருந்தால், அதாவது அவர்களுக்கு விற்பதைவிட அவர்களிடம் வாங்குவது அதிகமானால், நஷ்டம் என்று கூச்சல் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கச்சா எண்ணெய் விற்கும் நாட்டோடு நமக்குப் பற்றாக்குறை வராமல் எப்படி இருக்கும்?

கடைசியாகப் புள்ளிவிவரம். பெல்ஜியம் இவ்வளவு காப்பி வாங்குகிறதே என்று ஆச்சரியப்பட வேண்டாம். ஐரோப்பாவின் பெரிய காப்பிக் கிடங்குகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இருக்கின்றன. அங்கே இறங்குவதில் கணிசமானது வேறு நாட்டுக்குப் போகும். துபாய்க் கணக்கும் அப்படித்தான். அதோடு, நாம் ஏற்றுமதியைக் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையில் எழுதுகிறோம், வாங்கும் நாடு வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து எழுதுகிறது. இரண்டு நாட்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே யார் திருடன் என்று தேடக் கிளம்ப வேண்டாம்.