ஆஸ்பத்திரி நாடகம் பார்த்து ஆங்கிலச் சொற்கள் படிக்கும் முறை

அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, காய்ச்சல் நிற்காமல் அடித்தபோது கோபியிலிருந்து கோவைக்குக் கூட்டி வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேஸ் ஷீட்டின் மேலே 'ஆர் பை ஓ டெங்கு' என்று எழுதியிருந்தது. எனக்குப் புரிந்தது டெங்கு மட்டும்தான். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பெரியம்மா அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டார்.

ஆர் பை ஓ என்றால் 'ரூல் அவுட்'. டெங்குவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம், சோதித்துப் பார்த்து இல்லையென்று உறுதி செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு. டெங்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு ஆஸ்பத்திரி நாடகம். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, "ஹார்ட் அட்டாக்கை ரூல் அவுட் பண்ணிவிட்டோம்" என்கிறார் டாக்டர். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. அகராதியில் அந்த முகம் கிடைக்காது.

1. காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

முழு எபிசோடு வேண்டாம், இரண்டு நிமிடக் காட்சி போதும். அவசரப் பிரிவில் நடக்கும் நாடகமாக இருக்கட்டும். 1994 முதல் 2009 வரை 15 சீசன் வந்த 'ஈஆர்' நல்ல தொடக்கம். புது நோயாளி வருவார், என்ன செய்கிறது என்று கேட்பார்கள், அவர் சொல்வார். நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி பதில்தான். அபூர்வ வியாதிகளைத் துப்பறியும் 'ஹவுஸ்' மாதிரி நாடகங்களை ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

2. மூன்று முறை பாருங்கள்

முதலில் எழுத்து இல்லாமல். அடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு. மூன்றாவது முறை, வரிக்கு வரி நிறுத்தி வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழ் சப்டைட்டில் கூடவே கூடாது, கண் அங்கேயே போய்விடும். யூடியூபில் பார்த்தால் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்பாதீர்கள், மருந்துப் பெயர்களைத் தாறுமாறாக எழுதும்.

3. நோட்டில் நம் சொல்லை முதலில் எழுதுங்கள்

ஃப்ளாஷ்கார்டு ஆப்பெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ஆனால் ஆங்கிலச் சொல்லை எழுதி அதற்குத் தமிழ் தேடாதீர்கள். வீட்டில் வலியை எப்படிச் சொல்கிறார்களோ அதை இடப்பக்கம் எழுதிவிட்டு, அதற்கான ஆங்கிலத்தை நாடகத்தில் தேடுங்கள்.

என் நோட்டின் இடப்பக்கம் முழுக்க அமுச்சி பேச்சுதான். "சுருக்குனு குத்துதுங்க" என்பதற்கு 'ஸ்டாபிங்' (stabbing). "விண்விண்ணுனு தெறிக்குது", 'த்ராபிங்'. "கால் மதமதன்னு இருக்குது", 'நம்' (numb). "கெண்டைக்கால்ல கொறக்களி புடிச்சுக்குது", 'க்ராம்ப்'. "கிறுகிறுங்குது" என்பதற்கு 'டிஸ்ஸி'. எல்லாவற்றையும் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் டாக்டருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். குத்துகிற வலிக்கும் தெறிக்கிற வலிக்கும் அவர்கள் தேடும் காரணம் வேறு.

4. தெரிந்த சொல்லிடம்தான் கவனம் வேண்டும்

நான் அதிகம் தடுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதுச் சொல் வந்தால் நிறுத்திப் பார்ப்போம். பழகிய சொல் வந்தால் தெரியும் என்று தாண்டிவிடுவோம்.

'நெகட்டிவ்' ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நல்ல சேதி. தேடிய நோய் இல்லை என்று பொருள். ஸ்கேன் 'அன்ரிமார்க்கபிள்' என்றால் மட்டமாக இருக்கிறது என்றல்ல, குறிப்பிடும்படி கோளாறு எதுவும் இல்லை என்று. நோயாளி 'கம்ப்ளெய்ன்' செய்கிறார் என்றால் யார் மீதும் புகார் இல்லை, தன் தொந்தரவைச் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் 'சி பை ஓ' என்று வருவது இதுதான். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது, 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. 'க்ரானிக்' என்பதை முற்றிய நோய் என்று நினைத்து நான் பயந்திருக்கிறேன். நம் ஊரில் 'பாஸ் அவுட்' என்றால் படிப்பை முடித்தவர், நாடகத்தில் மயங்கி விழுந்தவர். 'டிஸ்சார்ஜ்' வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு, புண்ணிலிருந்து நீர் வடிவதும் உண்டு.

இந்த மாதிரிச் சொற்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள். தனிச் சொல்லாக வேண்டாம், காட்சியில் வந்த முழு வாக்கியமாக.

5. கத்தலை விட்டுவிடுங்கள்

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே மருந்து அளவுகளைக் கத்துவார்கள். அதில் 'ஸ்டாட்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'உடனே' என்று பொருள், லத்தீன் 'ஸ்டாடிம்' என்பதன் சுருக்கம். மற்றது இப்போதைக்குத் தேவையில்லை.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, பெருந்துறைப் பக்கம் நர்சிங் படிக்கும் ஒரு தங்கை கேட்டார்: "அக்கா, நாடகத்துல 'அசிட்டமினோஃபென்'ங்கறாங்க, வார்டுல அப்படி ஒரு மாத்திரையே இல்லீங்களே?" இருக்கிறது, நம் பாராசிட்டமால்தான். அமெரிக்காவில் 'எபினெஃப்ரின்' என்பது இங்கே அட்ரினலின். 'அல்ப்யூட்டரால்' இங்கே சால்ப்யூட்டமால். அங்கே 'ஓஆர்' (ஆபரேட்டிங் ரூம்) என்பதை நாம் ஆபரேஷன் தியேட்டர் என்கிறோம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் 1986 முதல் பிபிசியில் வரும் 'கேசுவால்டி' பாருங்கள். பிரிட்டிஷ் நாடகம், சொற்கள் நம் ஆஸ்பத்திரிச் சொற்களோடு ஒத்துப்போகும். உச்சரிப்பு பிடிபட ஒரு வாரம் ஆகலாம், அதுவரை சப்டைட்டிலோடு பார்க்கும் இரண்டாவது முறையிலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்று. நாடகத்திலிருந்து சொல்லை மட்டும் எடுங்கள், வைத்தியத்தை எடுக்காதீர்கள். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுப்பதாகப் பல நாடகங்களில் காட்டுவார்கள். அந்த நிலைக்கு ஷாக் சிகிச்சையே கிடையாது.