நெகட்டிவை வாங்காமல் வந்துவிடாதீர்கள்: பிலிமில் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூர் மாட வீதியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் பென்டாக்ஸ் கே1000 தொங்க ஒரு தம்பி வந்து பேசினார். கல்லூரி இரண்டாம் ஆண்டு. இதுவரை மூன்று ரோல் முடித்திருக்கிறார். போனில் படங்களைக் காட்டினார். அதில் ஒன்று, குளத்துப் படியில் உட்கார்ந்து பூ கட்டும் ஒரு பாட்டி. ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அருமையான படம்.

“நெகட்டிவ் எப்படி வந்திருக்கு?” என்று கேட்டேன்.

“நெகட்டிவ் வாங்கலண்ணா. ஸ்கேன்தான் மெயில்ல அனுப்பிட்டாங்களே.”

எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. 2015-ல் நானும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அன்றைக்கு அந்தத் தம்பியிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, ரோல் முடியும் முன் பின்பக்கத்தைத் திறந்து லைட் அடிக்க விடுவது, இதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பட்ட பிறகும் புரியாத தவறுகள்தான் ஆபத்தானவை.

ரோல் ஓடுகிறதா என்று பார்க்காமலிருப்பது

ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் நகரவில்லை.

நெகட்டிவை லேபிலேயே விட்டுவிட்டு வருவது

2015 மாட்டுப் பொங்கல் அன்று, திருமயம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பாயியைப் படம் எடுத்தேன். கேமரா நிக்கான் எஃப்எம்10, பிலிம் கோடாக் கோல்ட் 200. திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. நரைத்த முடி ஓரமெல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஷட்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார், கோபமும் சிரிப்பும் பாதிப் பாதியாக. அந்த நொடியில் இன்னொரு படம் எடுத்தேன்.

ரோலைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு கலர் லேபில் கழுவக் கொடுத்தேன். இரண்டு நாளில் ஸ்கேன் வந்தது. போனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். நெகட்டிவை வாங்க லேபுக்குப் போகவே இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு, அப்புறம் மறந்தே போனேன்.

சித்திரையில் அப்பாயி தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும், அந்தத் திண்ணைப் படத்தையே போடலாம் என்று அப்பா சொன்னார். ஊரில் உள்ள ஸ்டூடியோவில் ஃபைலைக் கொடுத்தேன். ஸ்டூடியோ அண்ணன் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். காதோரத்தில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள். முடி இருந்த இடம் வெறும் வெள்ளை, ஓர் இழைகூடத் தெரியவில்லை. கன்னத்துச் சுருக்கங்களின் ஓரத்தில், லேப் மெஷின் ஷார்ப் ஆக்கியதால் கோடு கோடாக ஒரு வெள்ளை விளிம்பு.

நெகட்டிவ் கேட்டு லேபுக்கு ஓடினேன். “ஒரு மாசத்துக்கு மேல வெச்சுக்கிறதில்ல சார், பில்லுலயே போட்டிருக்கோம்” என்றார்கள். பில்லைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது.

இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. என்ன இழந்தேன் என்பது அன்றைக்கு முழுசாகப் புரியவில்லை, பிறகு நானே ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்ட போதுதான் புரிந்தது.

லேப் அனுப்பிய படம் 1800 × 1200 புள்ளி. நல்ல தரத்தில் பிரிண்ட் போட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது 6 × 4 அங்குலத்துக்குத்தான் வரும், அதாவது ஆல்பத்தில் ஒட்டுகிற அளவு. சுவரில் மாட்ட 18 × 12 போட்டால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் மிஞ்சும். அதே நெகட்டிவை இன்று 24 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமராவில், மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் போட்டு எடுத்தால் 6000 × 4000 கிடைக்கும். 24 × 36 மில்லிமீட்டர் பிலிமுக்கும் கேமராவுக்கும் ஒரே 3:2 விகிதம் என்பதால் ஓரம்கூட வெட்டுப்படாது.

புள்ளிக் கணக்கை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை நிறையத் தாங்கும். வெயில் பட்ட இடம் நெகட்டிவில் கருமையாகப் படியும், ஆனால் அந்தக் கருமைக்குள் விவரம் இருக்கும். லேப் மெஷின் அவசரத்தில் ஒரு ஜேபெக் ஆக்கித் தரும்போது அந்தப் பகுதியை வெள்ளையென்று வெட்டிவிடுகிறது. அப்பாயியின் முடி இழை இழையாக அந்த நெகட்டிவில் இருந்திருக்கும். அந்த ரோலில் மற்ற படங்கள் எப்படி எடுத்தேன் என்பது தெரியும், அதனால் உறுதியாகவே சொல்கிறேன். குப்பைக்குப் போனது அந்த முடிதான்.

என் சித்தப்பாவிடம் ஆக்ஃபா க்ளிக் III கேமரா இருந்தது. அதில் அவர் எடுத்த, ‘120’ என்ற அகல பிலிம் வகை ரோல்களின் நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. சில ரோல்கள் ‘இந்து’, அதாவது 1960-ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தவை. கம்பெனி மூடியாகிவிட்டது, கேமராவின் ஷட்டர் இறுகிவிட்டது, அந்தக் காலத்துப் பிரிண்டுகள் பழுத்துவிட்டன. நெகட்டிவ் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் அவற்றை ஒருமுறை ஸ்கேன் செய்தேன். பிறகு டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். முதல் ஸ்கேனில் தெரியாத கல்யாணப் பந்தல் பலகை எழுத்து இரண்டாவதில் படிக்க முடிந்தது. ஸ்கேன் செய்யும் வசதி கூடக் கூட நெகட்டிவும் கூடுதலாகத் தருகிறது. ஜேபெக் வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் புகைப்படக்காரர்கள் ராபர்ட் காப்பா, கெர்டா டாரோ, ‘சிம்’ எனப்பட்ட டேவிட் சீமோர் மூவரும் எடுத்த சுமார் 4500 நெகட்டிவ்கள் பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, மெக்சிகோவிலிருந்து 2007-ல் நியூயார்க் வந்து சேர்ந்தன. சிறு சிறு அறைகளாகத் தடுத்த பெட்டிகளில் ரோல்கள் சுருட்டி வைக்கப்பட்டு, மூடியின் உட்புறம் எந்த அறையில் என்ன என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் இறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, படங்கள் வந்துவிட்டன. பிலிம் கையிலிருந்தால் இப்படி நடக்க வழி இருக்கிறது.

ஆகவே ரோலைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: நெகட்டிவ் வேண்டும், ஆறு ஆறு படமாக வெட்டிக் கவரில் போட்டுத் தாருங்கள் என்று. வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பினால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்தே கட்டுங்கள். ரோல் விலையும் கழுவும் கூலியும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டும் காலம் இது. கூரியர் காசை மிச்சம் பிடிப்பதற்காக அசலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்கேனைப் பார்த்து எக்ஸ்போஷரை எடை போடுவது

இதுவும் முந்தைய தவறின் பிள்ளைதான். லேப் ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சரிசெய்கிறது. நீங்கள் ஒரே காட்சியை மூன்று வேறு எக்ஸ்போஷரில், அதாவது பிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவை மாற்றி மாற்றி, எடுத்துப் பார்த்தாலும் ஸ்கேனில் மூன்றும் ஏறக்குறைய ஒன்று போல வரும். வெளிச்சம் போதாமல் எடுத்த படத்தை மெஷின் இழுத்துத் தூக்கும், நிழல் பகுதி சாம்பல் பூத்துப் பொடிப்பொடியாக வரும். உடனே ‘இந்த பிலிம் சரியில்லை’ என்று ரோலை மாற்றுகிறார்கள். பாவம், பிலிம் என்ன செய்யும்.

நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பிலிமின் ஓரத்தில் கம்பெனிப் பெயரும் படத்தின் எண்ணும் இருக்கும். அவை தயாரிக்கும்போதே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஓர எழுத்து அழுத்தமாக இருந்து, படம் மட்டும் வெளிறி, நிழல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் நீங்கள் வெளிச்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஓர எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் கழுவியதில் கோளாறு. யார் மேல் தவறு என்பதை இப்படி அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், கையில் நெகட்டிவ் இருந்தால்.

கலர் நெகட்டிவாக இருந்தால் சந்தேகம் வரும்போது ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டியே கொடுங்கள். கழுவியதும் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு பிலிமுக்கு இது பொருந்தாது, அதில் வெளிச்சம் கூடினால் போனது போனதுதான்.

கறுப்பு வெள்ளை பிலிமுக்கு ‘டஸ்ட் ரிமூவல்’ போடுவது

வேண்டாம். இது அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் ஸ்கேனர் வசதி. ஆனால் கறுப்பு வெள்ளை பிலிமில் படமாக நிற்கும் வெள்ளித் துகளும் அந்தக் கதிரை மறைக்கும், மெஷின் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும். ஹெச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளை பிலிம் எல்லாவற்றுக்கும் இதே கதை. கலர் பிலிம் மாதிரியே கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மட்டும் விதிவிலக்கு.

பழைய கேமராவுக்குக் கையில் கிடைத்த பட்டன் பேட்டரியைப் போடுவது

மினோல்ட்டா எஸ்ஆர்டி 101, யாஷிகா மேட் 124ஜி போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கிடைப்பதில்லை. அதே அளவு ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், தீரத் தீர மெல்ல இறங்கும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் உயிரோடு அசையும், அதனால் சரியாகக் காட்டுகிறது என்று நம்பிவிடுவோம். நான் இப்படி இரண்டு ரோல் வெளிற விட்டேன். காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரி வாங்குங்கள். 1.4 வோல்ட், கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். அளவு கொஞ்சம் சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் சில மாதம்தான் தாங்கும் என்பதால் கூடவே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான நாளுக்கு டேட் முடிந்த ரோல்

விளையாட்டுக்குச் சரி. கல்யாணத்துக்கு வேண்டாம்.

விமான நிலையத்தில் ரோலைப் பைக்குள் விடுவது

சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. கையில் கொண்டுபோகும் பையையும் இப்போது பல இடங்களில் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனரில் விடுகிறார்கள், அது 200 ஐஎஸ்ஓ (பிலிமின் வெளிச்ச உணர்திறன் எண்) ரோலையும் கெடுக்கும். ரோல்களை ஒரு தெளிவான கவரில் தனியே எடுத்து, கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

டேப்லெட் திரை மேல் நேராக பிலிமை வைத்து எடுப்பது

வீட்டில் கேமராவால் ஸ்கேன் செய்யத் தொடங்கும் எல்லோரும், பிலிமுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வேண்டுமென்று, முதலில் செய்வது இதைத்தான். திரையின் புள்ளிகள் வலை வலையாகப் படத்தில் ஏறிவிடும். மேலே ஒரு வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்து, பிலிமை அதிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பணம் சேர்ந்ததும் நல்ல எல்இடி லைட் பேனல் வாங்கிக்கொள்ளலாம்.

கேமரா பிலிமுக்கு நேர் இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். பிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். வ்யூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான். அறை விளக்கை அணைத்து, பிலிமைச் சுற்றி வெளிச்சம் கசியாமல் கறுப்பு அட்டையால் மறைத்து, லென்ஸ் துளையை எஃப்/8-ல் வைத்து, கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுங்கள். படத்தில் உள்ள எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல மாறி வந்தால் பிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

நெகட்டிவை வாங்கி வந்து பீரோவில் அடைப்பது

பிலிம் மேல் இருப்பது ஜெலட்டின், பூஞ்சைக்கு அது சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரும்பு பீரோவின் புடவை அடுக்குக்குள் பிலிமை வைத்தால் தை மாதத்துக்குள் வேர் வேராகப் படர்ந்துவிடும். அதைத் துடைத்தும் எடுக்க முடியாது, ஜெலட்டினையே தின்றிருக்கும். பாலிப்ரொப்பிலீன் நெகட்டிவ் ஷீட் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பிவிசி கவர் வேண்டாம், அந்துருண்டையும் பக்கத்தில் வேண்டாம்.

ஷீட்டின் மேல் ஓரத்தில் ரோல் எண், மாதம், வருடம், ஊர், கேமரா எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். எழுதாத ரோலை மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் எந்த ஊர்க் கோயில் என்றுகூடத் தெரியாது. நான் முதல் ரோலிலிருந்தே நோட்டில் எண் போட்டு வருகிறேன், பின்னாளில் வாங்கிய ஷீட்டுகளிலும் அதே எண்தான். 13-க்கு அடுத்து ‘14, ஜனவரி 2015, ஊர், எஃப்எம்10’ என்று எழுதிய ஷீட் இருக்கிறது. அதில் பிலிம் இல்லை. ஃபைலிலிருந்து அதை நான் எடுக்கவில்லை.

நேற்று அந்த மயிலாப்பூர் தம்பி போன் செய்தார். லேபில் மூன்றாவது ரோல் மட்டும் இன்னும் இருக்கிறதாம். பாட்டி படம் எந்த ரோலில் என்று கேட்டேன். “தெரியலண்ணா, போய்ப் பாத்துட்டு சொல்றேன்” என்றார்.