காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்: தொலைபேசி மணி முதல் நடுவர் முன்பு வரை

"சின்ன விசாரணைதான், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்." பெரும்பாலான குடும்பங்களில் சிக்கல் இப்படித்தான் தொடங்குகிறது. அழைத்தவர் யார், எந்த வழக்கு, சாட்சியாகவா சந்தேகத்துக்குரியவராகவா என்று கேட்கத் தோன்றாமல், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி என்ன செய்யலாம் என்பதை, அது நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: அழைப்பை எழுத்தில் கேளுங்கள். சாட்சியை அழைப்பதற்குப் பிரிவு 179-இன்கீழ் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் மட்டுமே நிலையத்துக்குச் செல்லலாம். உங்கள் மீதே சந்தேகம் இருந்து, கைது தேவையில்லை என்று அதிகாரி கருதினால், பிரிவு 35(3)-இன்கீழ் அறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பைப் புறக்கணிக்காதீர்கள். அதன்படி நேரில் சென்று ஒத்துழைக்கிறவரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய இயலாது. செல்லாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாம் படி: தனியாகச் செல்லாதீர்கள். புறப்பட்ட நேரம், நிலையத்தின் பெயர், பேசிய அதிகாரியின் பெயர் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். இந்த ஒரு வரிச் செய்தியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், பின்னாளில் "எப்போது அழைத்துச் சென்றார்கள்" என்ற கேள்விக்கு உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

மூன்றாம் படி: விசாரணையில் பேச்சை அளந்து பேசுங்கள். பெயர், முகவரியை மறைக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அரசமைப்பின் 20(3) உறுதி செய்கிறது. போலீஸாரிடம் சொன்ன வாக்குமூலம் எழுதப்பட்டாலும், அதில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 181. வெள்ளைத் தாளில் கையெழுத்திடுவது எந்தச் சூழலிலும் கூடாது.

நான்காம் படி, கைது. இங்கேதான் பதற்றம் அதிகம், கவனமும் இங்கேதான் அதிகம் வேண்டும். அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைது விவரங்களை எழுதும் கைதுக் குறிப்பாணையைத் தயாரித்து, அதில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த நெறி, இப்போது பிரிவு 36-இல் சட்டமாகவே இருக்கிறது. கையெழுத்திடும் முன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். காலை 10 மணிக்குப் பிடித்துவிட்டு இரவு 8 மணி என்று எழுதியிருந்தால், அந்தப் பத்து மணி நேரம் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்ற விதியும் அதனால் பயனற்றுப்போகிறது. நேரம் தவறாக இருந்தால், சரியான நேரத்தை உங்கள் கையெழுத்தின் அருகிலேயே எழுதிவிடுங்கள்.

கைதுக்கான காரணங்களை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா வகைக் குற்றங்களுக்கும் பொருந்தும்படி தீர்ப்பளித்தது. தமிழில் கேளுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு, ஆனால் அவரை முழு நேரமும் உடன் வைத்துக்கொள்ள அல்ல. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றியே இந்த உதவி கிடைக்கும். பெண்ணைச் சூரியன் மறைந்த பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்ய, அசாதாரணச் சூழலும் நடுவரின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் தேவை.

ஐந்தாம் படி: மருத்துவரிடமும் நடுவரிடமும் வாய் திறந்து பேசுங்கள். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கைதான தந்தையும் மகனும், கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட சில நாட்களிலேயே அடுத்தடுத்து உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. பிரிவு 53-இன்படி மருத்துவப் பரிசோதனை கட்டாயம், அறிக்கையின் நகலும் உங்களுக்கு உரியது. அடித்திருந்தால் எந்த இடத்தில், எதனால் என்பதை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவர் முன் நிறுத்தப்பட்டதும், காவலில் வைக்கும் உத்தரவு பிறப்பிக்கப்படுவதற்கு முன்பாகவே அதைச் சொல்லி, பதிவு செய்யுமாறு கேளுங்கள். போலீஸார் அருகில் நின்றால், அவர்களை விலகி நிற்கச் சொல்லுமாறு நடுவரிடமே வேண்டிக்கொள்ளலாம்.