எதிர்வீட்டு பர்மியரோடு கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவது எப்படி?

ரங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ என்னிடம் வந்து நிற்பார்கள். "அக்கா, எதிர்வீட்டுக்காரங்க புத்த மதம். அவங்களுக்குச் சுவிசேஷம் சொல்லணும், எங்கிருந்து ஆரம்பிக்க?" அவர்கள் வீட்டில் போய் உட்காருவதிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். பேச்சு அப்புறம் தானாக வரும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் மாங் நோ ஞானஸ்நானம் பெற்றது 1819இல்தான். இடையில் இருந்த ஆண்டுகளில் ஜட்சன் உட்கார்ந்து பர்மிய மொழியும் பாலியும் படித்தார். பிறகு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் வழியில் ஒரு சயாட் கட்டினார். வழிப்போக்கர் இளைப்பாறவும் தர்ம உபதேசம் கேட்கவும் பர்மியர் கட்டிவைக்கும் சாவடி அது. உள்ளே வந்தவரோடு உட்கார்ந்து பேசினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். கதவிடுக்கில் துண்டுப் பிரசுரத்தைச் செருகிவிட்டு இறங்கி ஓடுகிற ஊழியம் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். அந்த வீட்டில் யார் இருக்கிறார், என்ன துயரம் என்று தெரியாமல் என்ன சொல்லப் போகிறோம்?

முதலில் மொழி. இங்கேயே பிறந்ததால் நமக்குப் பர்மியம் வரும் என்று நினைக்கிறோம். நமக்கு வருவது கடைத்தெருப் பர்மியம். பெரியவரை ஊ என்றும், வயதான அம்மாவை டோ என்றும், ஆசிரியரை சயா என்றும் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைக்க வேண்டும். பிக்குகளிடம் பேசுவதற்கென்றே தனிச் சொற்கள் உண்டு. அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்தது உடம்பின் மரியாதை. சுவாமி மேடையை நோக்கியோ பெரியவர்களை நோக்கியோ காலை நீட்டக் கூடாது. குழந்தையின் தலையைக்கூடச் செல்லமாகத் தட்டாதீர்கள். பெண்கள் பிக்குவைத் தொடவே கூடாது. அந்த வீட்டில் பிக்குகளை அழைத்து அன்னதானம் செய்தால், உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள். பிக்குகள் மதியத்துக்குமேல் சாப்பிட மாட்டார்கள், ஆகவே வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெங்காயம் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். சிலையின் முன் எல்லாரும் வணங்கும்போது பின்வரிசையில் காலை மடக்கி அமைதியாக இருங்கள். ஏன் வணங்கவில்லை என்று என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை. சாப்பாடு வந்தால் சாப்பிடுங்கள். அவிசுவாசி அழைத்தால் போய், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே.

இனி விசுவாசத்தைப் பற்றி. இங்கேதான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். துக்கம் எது, அது ஏன் வருகிறது, எப்படித் தீரும் என்பதுதான் புத்தரின் போதனைக்கு மையம். உலகத்தைப் படைத்தவர் யார் என்பது அங்கே பெரிய கேள்வியே இல்லை. ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தோடு போனால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நித்திய ஜீவன் இன்னும் சிக்கல். பிறந்து பிறந்து களைத்து, இந்தச் சுற்று நின்றால் போதும் என்று இருப்பவரிடம் முடிவில்லாமல் வாழலாம் என்றால் அது நற்செய்தியாகத் தோன்றாது. ஆகவே நான் துக்கத்திலிருந்தே தொடங்குவேன்: லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டது, கெத்செமனேயில் வியாகுலப்பட்டது. எதிர்வீட்டு அம்மா கணவரை இழந்த சமயத்தில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டது இந்தக் கதைகளைத்தான்.

அவரவர் கர்மா அவரவருக்கு, ஒருவர் பாவத்தை இன்னொருவர் எப்படிச் சுமக்கலாம் என்று ஒருநாள் கேட்பார்கள். நேர்மையான கேள்வி, மழுப்பாதீர்கள். தானம் முடிந்ததும் அவர்கள் நீரைத் துளித்துளியாக ஊற்றி, கிடைத்த புண்ணியத்தை எல்லா உயிர்களோடும் பகிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்த நன்மையில் மற்றவருக்கும் பங்கு உண்டு என்பது அவர்களுக்குப் புதிது இல்லை. அதன் அர்த்தத்தை அவர்களையே விளக்கச் சொல்லி முழுக்கக் கேளுங்கள். பிறகு சிலுவையைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடாதீர்கள். பகிர்கிறவருக்குப் புண்ணியம் குறைவதில்லை; இயேசு தம் உயிரையே கொடுத்தார். இந்த வித்தியாசத்தை மறைத்தால் நாம் அவர்களையும் மதிக்கவில்லை, ஆண்டவரையும் மதிக்கவில்லை.

நம் இந்துச் சொந்தக்காரர்களிடம் பேசுவது இதைவிடக் கஷ்டம். பீலிக்கான் அங்காளபரமேஸ்வரி கோயில் திருவிழாவிலிருந்து அத்தை பிரசாதம் கொண்டுவந்தால், வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை நான் அறிவேன். அத்தையை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, "எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கலை அத்தை, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவர்கள் சாமியைப் பிசாசு என்று சொல்லும் வாயிலிருந்து சுவிசேஷம் யாருக்கும் கேட்காது. கிறிஸ்துமஸ் விருந்தில் மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம். இந்துக்கள் மட்டுமல்ல, பர்மியரிலும் பலர் அதைச் சாப்பிடுவதில்லை. சைவத்துக்குத் தனி அண்டா, தனிக் கரண்டி.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் வந்த மதமாற்றச் சட்டப்படி, மதம் மாறுகிறவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், டவுன்ஷிப் பதிவுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் சபைக்குக் கூட்டிவராதீர்கள். உதவியோடு ஜெபத்தை முடிச்சுப் போடாதீர்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயும் சகாயினும் இடிந்து கிடந்தபோது, அரிசி மூட்டைக்குள் துண்டுப் பிரசுரம் வைக்கவே கூடாது என்று எங்கள் சபைப் பெண்களிடம் அடித்துச் சொன்னேன். பசியில் இருப்பவர் அரிசிக்காகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை வைத்து நாம் என்ன செய்வது?

ஒருவர் உண்மையாகவே ஞானஸ்நானம் கேட்டால், அவசரப்படாமல் முதலில் அவருடைய அம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 1819இல் மாங் நோவுக்குப் பிறகு வந்த இருவர், அரசாங்கத்துக்குப் பயந்து, பொழுது சாயும் வேளையில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜட்சன் அதற்கு ஒத்துக்கொண்டார். எனவே ஃபேஸ்புக்கில் படம் போடுவது அவர் விருப்பம், சபையின் விருப்பம் இல்லை. பர்மியரில் பலருக்குப் புத்த மதத்தை விடுவது இனத்தையே விடுவது மாதிரி. அந்த அம்மா பிள்ளையை இழந்துவிட்டதாகவே அழுவார். பர்மியரின் தடிஞ்யுட் மாதப் பௌர்ணமிக்குப் பிள்ளைகள் பெற்றோரை விழுந்து கும்பிடும் வழக்கத்தைப் பற்றிப் புது விசுவாசிகள் பயந்து பயந்து கேட்பார்கள். கும்பிடலாம். நாமும் அப்பா அம்மா காலில் விழுகிறவர்கள்தானே. பழமும் பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு தவறாமல் போகச் சொல்வேன். தனியாகப் போகத் தயங்கினால் நானும் கூடப் போவேன்.